பன்னிரண்டு டிகிரி வித்தியாசம்

நாகல் நகர், திண்டுக்கல்
4 ஆகஸ்ட் 2024

கிளாராவுக்கு,

நான் நலம். நீயும் ஜெஸ்ஸியும் நலமா என்று கேட்கிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் தீர்ப்பு வரும்வரை கடிதத்தில்தான் பேச வேண்டும், நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும், மரியாதையாக முடிக்க வேண்டும் என்று கோர்ட்டு ஆலோசகர் அம்மா சொல்லியிருக்கிறார். ஜெஸ்ஸியைப் பற்றி உண்மையாகவே கேட்கிறேன். உன்னைப் பற்றிக் கேட்டது அந்த அம்மாவுக்காக.

போன வருடம் என்னைக் கேட்காமல் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாய். ஒன்பது வயதுப் பிள்ளை. வீசிங் உள்ள பிள்ளை. அவள் படுக்கிற அறையை ஜூன் மாதம் வந்தபோது வாசலில் நின்றே பார்த்தேன். மூன்று ஜன்னல், மூன்றிலும் ஒற்றைக் கண்ணாடி. இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அளக்க டேப் தேவையில்லை. மொத்தம் ஐந்து சதுர மீட்டர்.

ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடியில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் 5.8 வாட் சூடு வெளியே போகும். கம்பெனி நோட்டீஸிலேயே போட்டிருக்கிறான். வெளியே பூஜ்ஜியம், உள்ளே இருபது. 5.8 பெருக்கல் 5 பெருக்கல் 20. ஆக 580 வாட். உன் ஆயிரம் வாட் ஹீட்டரில் பாதிக்கு மேல் தெருவைச் சூடாக்குகிறது. பிள்ளை குளிரில் கிடக்கிறாள்.

ஜனவரி இருபதாம் தேதி ஜெஸ்ஸி யாரிடம் இருப்பது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கைக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்னால், நவம்பரிலேயே அவளை அகரத்தில் இருக்கிற என் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உன் மானம் மிஞ்சும்.

மரியாதையுடன் (இதுவும் அந்த அம்மா சொன்னது),
ஸ்டான்லி


கொடைக்கானல்
19 ஆகஸ்ட் 2024

ஜெஸ்ஸியின் அப்பாவுக்கு,

ஜெஸ்ஸி நலம். நான் இருக்கிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கோபம் இருக்கும்வரை உங்கள் உடம்பை ஒன்றும் அண்டாது.

கேட்காமல் சேர்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. நாலாவது தடவை கேட்பதற்கு வீட்டில் தட்டு இல்லை.

கணக்குக்கு வருகிறேன். நான் அறிவியல் டீச்சர் என்பது மறந்துவிட்டது போல. இங்கே பூஜ்ஜியம் டிகிரி எத்தனை நாள் வருகிறது? போன டிசம்பர் முழுக்கக் காலையில் வெப்பமானி பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஏழு, எட்டு, மறுபடி ஏழு, ஒரே ஒரு நாள் ஐந்து. கம்பளி போர்த்திப் படுக்கிற பிள்ளைக்கு உள்ளே பத்தொன்பது போதும். வித்தியாசம் பன்னிரண்டு. 5.8 பெருக்கல் 5 பெருக்கல் 12. ஆக 348. உங்களுக்கு வசதியான எண்ணைத் தேடிப் பிடித்துக் கணக்கில் உட்கார வைத்திருக்கிறீர்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் போட்டால் முட்டை போடுவேன்.

இன்னொன்று. மாதம் ஒரு முறை உங்களிடம் இருந்துவிட்டு வருபவளை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என்னிடம் விடும்போது, சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். பஸ் மலையேற ஏற அது தலையணை மாதிரி உப்புவதைப் பார்க்கவே பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் டப்பென்று குத்தி உடைத்துத் தின்கிறாள். மறுநாள் தொண்டை கரகரக்கிறது. அந்தக் கரகரப்பையும் என் ஜன்னல் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

தகுந்த மரியாதையுடன்,
கிளாரா


திண்டுக்கல்
1 செப்டம்பர் 2024

கிளாராவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நீ பாஸ் போடவும் பெயில் போடவும் நான் உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. உன் கணக்கு புத்தகத்துக்குச் சரி. ஜன்னலுக்குச் சரியில்லை. கண்ணாடி வழியாகப் போகிற சூட்டை மட்டும் எண்ணியிருக்கிறாய். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகப் போவதை யார் எண்ணுவது? உன் வீட்டு ஜன்னல் வெள்ளைக்காரன் காலத்து மரம். ஜெஸ்ஸி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவளுக்குப் புகை ஆகாது, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சட்டத்தின் ஓரமாகக் காட்டு. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். உன் 348 எங்கே போகிறது என்று அப்போது தெரியும்.

அதற்கு மருந்து இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடி, நடுவில் அரை அங்குலம் காற்று, நாலு பக்கமும் பசை வைத்து அடைத்தது. வேடசந்தூர் மில் ஆபீஸுக்கு வெயில் உள்ளே வராமல் இருக்க நான்தான் போட்டேன். நீ எங்கே போடப்போகிறாய்? வாடகை வீட்டுக்கு யார் செய்து தருவார்? வீம்பை விட்டுப் பிள்ளையை அனுப்பு.

சிப்ஸ் வாங்கிக் கொடுப்பேன். அந்த பஸ் ஸ்டாண்டில் என்னால் அவளுக்குச் செய்ய முடிவது அது ஒன்றுதான்.

மரியாதையுடன்,
ஸ்டான்லி


கொடைக்கானல்
22 செப்டம்பர் 2024

ஜெஸ்ஸியின் அப்பாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். உங்கள் நலத்தை ஜெஸ்ஸி விசாரிக்கச் சொன்னாள். விசாரித்துவிட்டேன்.

ஊதுபத்தி காட்டினேன். புகை உள்பக்கமாக ஓடி வந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்து சந்தோஷப்படுங்கள்.

ஆனால் அவளை அனுப்பமாட்டேன். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். சட்டத்தோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இரட்டைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 2.8 வாட்தான் போகும். 2.8 பெருக்கல் 5 பெருக்கல் 12. ஆக 168. உங்கள் 580 எங்கே, என் 168 எங்கே? சந்தும் அடைபடும். ஜனவரி இருபதாம் தேதி நானும் ஒரு காகிதம் கொண்டுவருவேன்.

வேலையை வத்தலக்குண்டில் பொம்மையன் என்பவர் கடையில் கொடுத்துவிட்டேன். படுக்கை ஓரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி, மற்ற இரண்டு ஜன்னலுக்கும் ஒடுக்கமாக இரண்டிரண்டு கதவு. திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் கொடுக்கக் கூடாது என்றே அங்கே போனேன்.

மரியாதையுடன்,
கிளாரா


திண்டுக்கல்
20 அக்டோபர் 2024

கிளாராவுக்கு,

ஜெஸ்ஸி நலமா? இந்த முறை முதல் வரியிலேயே கேட்கிறேன், பதில் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் போனில் பேசுவது வழக்கம். இரண்டு ஞாயிறாகப் பேசவில்லை. இந்த மாதம் வத்தலக்குண்டுக்கும் கூட்டி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் பார்த்தேன். கடைக்காரர், "என்ன அண்ணே, பாப்பா வரலையா? செத்த நேரம் உக்காருங்க"ன்னு ஸ்டூலைப் போட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

பிள்ளைக்கு என்ன? மறைக்காமல் எழுது.

ஸ்டான்லி


கொடைக்கானல்
6 நவம்பர் 2024

ஜெஸ்ஸியின் அப்பாவுக்கு,

ஜெஸ்ஸி நலம். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா ஒத்திகை. அதனால் பேச முடியவில்லை. வேறொன்றும் இல்லை.

ஜன்னல் அடுத்த வாரம் வருகிறது. மேற்கொண்டு கேள்வி இருந்தால் ஆலோசகர் அம்மாவிடம் கேளுங்கள்.

மரியாதையுடன்,
கிளாரா


திண்டுக்கல்
24 நவம்பர் 2024

கிளாராவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

கடையில் வேலை அதிகம், அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. ஜன்னல் வந்திருக்கும். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிற நீல டேப்பை இன்னும் பத்து நாளைக்கு உரிக்காதே. அடியில் இருக்கிற பசை காய வேண்டும். ஜெஸ்ஸியின் கட்டிலைப் பெரிய ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு.

இதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. மனு மனுவாகத்தான் இருக்கிறது.

ஸ்டான்லி


கொடைக்கானல்
9 டிசம்பர் 2024

திரு. ஸ்டான்லி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. ஆலோசகர் அம்மா கோபித்துக்கொள்ளட்டும்.

ஜன்னல் வந்து பொருத்திய நாளிலிருந்தே பெரிய கண்ணாடிக்குத் தொப்பை போட்டிருந்தது. அதில் பார்த்தால் எதிர்வீடு கோணல்மாணலாகத் தெரிந்தது. புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வெயில் உள்ளே விழுந்தது. ஜெஸ்ஸி ஜன்னல் பக்கம் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். டப் என்று ஒரு சத்தம். ஒடுக்கமான கண்ணாடி ஒன்று மூலைக்கு மூலை பிளந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி. மறுநாள் இன்னொன்று.

விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். பசை மூடியிருந்த ஓரத்தில் மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை. கண்ணாடியை வெட்டுமுன் ஓரத்தில் சிலுவை போடுகிற ஒரே ஒரு மனுஷனைத்தான் எனக்குத் தெரியும். பத்து வருடம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் நீல டேப் ஞாபகம் வந்தது. நான் எந்தக் கடிதத்திலும் டேப்பைப் பற்றி எழுதவில்லை.

பொம்மையனிடம் சொல்லிவைத்து வேலையை வாங்கியிருக்கிறீர்கள். ஜனவரி இருபதுக்கு முன்னால் இந்த அறை உடைந்து கிடக்க வேண்டும், அதுதானே? என்னைத் தோற்கடிக்க எதையும் செய்வீர்கள் என்று தெரியும். அதற்குப் பிள்ளை நிற்கிற இடத்திலேயே கை வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். நீதிபதி பார்க்கட்டும்.

கிளாரா


திண்டுக்கல்
12 டிசம்பர் 2024

கிளாராவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. இன்றே எழுதுகிறேன். ஜெஸ்ஸியின் கால் நன்றாக இருக்கிறதா? ஒரு சில்லும் படவில்லை என்று இன்னொரு தடவை எழுது.

அந்தக் கண்ணாடிகளைச் செய்தது நான்தான். நான் தேடிப் போய் வாங்கவில்லை. அக்டோபர் கடைசியில் பொம்மையன் என் கடைக்கு வந்தார். "அண்ணே, மேல ஒரு டீச்சரம்மா வீட்டுக்குண்ணே. இம்புட்டு நுணுக்கமான வேலை நமக்குத் தோதுப்படாது, நீங்க செஞ்சு குடுத்துருங்க"ன்னு அளவுச் சீட்டை நீட்டினார். பெரியது ஒன்று, ஒடுக்கமாக நாலு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருந்தால் உனக்கு ஜன்னல் கிடைத்திருக்காது. என் மனு ஜெயித்திருக்கும். சீட்டை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜெஸ்ஸி படுக்கிற அறை என்று நினைத்தேன். அவ்வளவுதான். நான் செய்தது என்று தெரிந்தால் நீ திருப்பி அனுப்பிவிடுவாய், அதனால் சொல்லவில்லை.

என் கையால் செய்த வேலையில் இதைவிட நல்ல வேலை கிடையாது. எறும்பு போக வழியில்லாமல் அடைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

உன் கடிதத்தில் தொப்பை என்று படித்ததும் பிடிபடவில்லை. டப் என்கிற இடத்தில்தான் சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் வந்தது. நான் இங்கே சமதரையில் காற்றை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். மேலே போகப் போக வெளியில் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கிற காற்று முட்டும். பாக்கெட் உப்பலாம். பெரிய கண்ணாடி வளைந்து கொடுக்கும். ஒடுக்கமான கண்ணாடி எங்கே வளையும்? வெயில் பட்டதும் உள்காற்று இன்னும் விரிந்து உடைத்துவிட்டது. மில் ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டுப் பழகியவனுக்கு மலைக்கு வேறு, சமதரைக்கு வேறு என்று தெரியவில்லை. மாதா மாதம் என் கையாலேயே வாங்கிக் கொடுத்த பாக்கெட் சொன்னதை நான் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை ஐந்தும் புதிதாகச் செய்து கொண்டுவருகிறேன். ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு செம்புக் குழாய் விட்டிருப்பேன். மேலே வந்து காற்று சமமான பிறகு அங்கேயே அடைத்துவிடலாம். அதுவரை ஜெஸ்ஸியை வேறு அறையில் படுக்க வை.

அறையில் குற்றமில்லை, குற்றம் என் வேலையில்தான். இதை நான் கையெழுத்துப் போட்டு எழுதுகிறேன். இருபதாம் தேதி இந்தக் கடிதத்தை நீ காட்டலாம்.

ஸ்டான்லி


கொடைக்கானல்
30 டிசம்பர் 2024

ஜெஸ்ஸியின் அப்பாவுக்கு,

ஜெஸ்ஸி நலம். சில்லு ஒன்றும் படவில்லை. மறுபடியும் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. குழாய் வழியாகக் காற்று இறங்குவதற்காக மூன்று மணி நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஜெஸ்ஸி கொண்டுவந்த டீயைக் குடித்தீர்கள். உடைந்த கண்ணாடியைச் சட்டத்திலிருந்து உருவும்போது உள்ளங்கை கிழிந்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தீர்கள். துணி கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஒன்பது நாளாக அளந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வெளியே ஏழு, உள்ளே பத்தொன்பது. ஹீட்டர் முன்பு ஓடியதில் பாதி நேரம்தான் ஓடுகிறது. பெரிய கண்ணாடி நேராக நிற்கிறது. அழுத்தம் பற்றிய பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். சிப்ஸ் பாக்கெட்டையும் உதாரணம் சொல்லியிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. தப்பு முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தப் பெருமையை உங்களுக்குத் தரமாட்டேன்.

நீங்கள் எனக்கு உதவுகிற காகிதம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். கடன்பட்டிருக்க எனக்குப் பிடிக்காது. அதனால் இதைச் சொல்கிறேன். அக்டோபரில் ஆண்டு விழா ஒத்திகை எதுவும் இல்லை. ஜெஸ்ஸிக்கு வீசிங் அதிகமாகி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆக்சிஜன் வைத்தார்கள். "அப்பாட்ட சொல்லாதம்மா, என்னைய அங்கிட்டு கூட்டிட்டுப் போயிருவாரு"ன்னு அவள் சொன்னாள். அவள் சொன்னாள் என்பது சாக்கு. நானும் அதற்குத்தான் பயந்தேன். நீங்கள் மூன்று பஸ் பார்த்து நின்றதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் பொய்தான் எழுதினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மனுவுக்கு இதைவிட வலுவான காகிதம் கிடைக்காது. அனுப்பிவிட்டு எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

ஆலோசகர் அம்மா கடிதத்தின் தொடக்கத்தில்தான் நலம் விசாரிக்கச் சொன்னார். முடிவில் விசாரிக்கச் சொல்லவில்லை. கை ஆறிவிட்டதா?

கிளாரா


திண்டுக்கல்
11 ஜனவரி 2025

கிளாராவுக்கு,

கை ஆறிவிட்டது. ஆறு தையல். கேட்டதால் சொல்கிறேன்.

அக்டோபர் விஷயத்தைப் படித்துவிட்டு உன் மேல் வந்த கோபத்துக்கு எதையாவது எடுத்து எறிந்திருப்பேன். கையில் தையல் இருந்தது. ஆக்சிஜன் வைத்திருந்த நாலு நாளும் நான் இங்கே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக உன்னை மன்னிக்க என்னால் முடியாது. இனிமேல் அவளுக்கு ஒரு தும்மல் என்றாலும் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும். கடிதம் வேண்டாம், போன் செய். நான் கத்தமாட்டேன். கத்தினால் வைத்துவிடு.

ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் பின்பக்கம் மருந்து அளவு எழுதியிருக்கிறது. அது உன் கையில் இருக்க வேண்டும்.

மனுவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் உன்னிடம், மே மாதம் முழுக்க என்னிடம். இதில் பேரம் கிடையாது. பயந்து பயந்து என்னிடம் வருகிற பிள்ளையைக் கோர்ட்டு உத்தரவு வாங்கி நான் என்ன செய்வது? அந்தப் பயத்தை நான்தான் போக்க வேண்டும். ஒரு மே மாதம் பத்தாது, தெரியும்.

மே மாதம் அகரத்தில் வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெளியே நாற்பது. அறைக்கு ஏசி போட்டு இருபத்தெட்டில் வைத்தால் அதே பன்னிரண்டு டிகிரி வித்தியாசம்தான் வருகிறது. உன் அறையில் ஜன்னல் வழியாகச் சூடு வெளியே போனது, என் அறையில் உள்ளே வரும். மேற்கு ஜன்னலில் நேர்வெயில் வேறு விழும், அதை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் போட்டால் எனக்கு வசதியான எண்ணைப் பிடித்து உட்கார வைத்துவிடுவேன்.

ஜன்னல் இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். ஒன்று மேற்கு, ஒன்று வடக்கு. இரண்டிலும் இப்போது ஒற்றைக் கண்ணாடிதான்.

கணக்கை நீ போட்டு அனுப்பு. கண்ணாடியை நான் செய்துகொள்கிறேன்.

ஸ்டான்லி